கள்ளுக்குள் நகரும் துளிகள்

ஒரு சனிக்கிழமை காலை, மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகுமுன் தேத்தண்ணிக்குப் பால் எடுக்கவென்று செல்வநாயகி பிரிட்ஜைத் திறந்தார். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் நின்றது. உள்ளே கஞ்சித்தண்ணி போல வெள்ளையாக ஏதோ இருந்தது. மூடியைக் கழற்றி மணந்து பார்த்தார். கொக்குவிலில் அந்த மதிலுக்குள் அவர் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படியொரு மணம் அந்த வீட்டில் அடித்ததில்லை.

"ஜெயரூபன்! இஞ்சை வா. உது என்ன?"

மகன் பல்துலக்கின வாயோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"கள்ளு, அம்மா."

"கள்ளோ? நீ எப்ப தொடங்கினனீ?"

"எனக்கில்லையம்மா. சுபாவுக்கு."

செல்வநாயகி போத்தலும் கையுமாகக் கதிரையில் இருந்துவிட்டார். மருமகள் சுபாஜினி கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"மாமி, குடிக்கிறதுக்கில்லை. கம்பஸ் படிப்புக்கு. கள்ளுக்குள்ளை மதுவம் இருக்கு, ஈஸ்ற் எண்டு சொல்லுறது. அதுக்குள்ளை என்ன நடக்குதெண்டு பாக்கப்போறன்."

"பாக்கிறதெண்டால் கம்பசிலை வைச்சுப் பாக்கிறதுதானே? சாமி கும்பிடுற வீடு பிள்ளை இது."

பத்து நிமிட வழக்குக்குப் பிறகு ஒரு தீர்ப்பு வந்தது. கள்ளு வீட்டில் இருக்கலாம். ஆனால் கறுத்தப் பையில் சுற்றி, பிரிட்ஜின் ஆகக் கீழ்த்தட்டில், மரக்கறிக்கும் கீழே இருக்கவேண்டும். அதைத் தொட்ட கையோடு ஒருவரும் பாற்சட்டியைத் தொடக்கூடாது.

அந்தப் போத்தலை வாங்கிவந்தவன் ஜெயரூபன்தான். மருதனார்மடம் சந்தியடியில் ரயர் கடை வைத்திருப்பவன், பீடிகூடப் பற்றாதவன். கள்ளுத் தவறணைக்குள் போய் நின்றபோது அங்கே இருந்தவர்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். "அண்ணைக்கும் கவலை வந்திட்டுது" என்று ஒருவன் சொன்னான். "மனிசிக்கு வாங்கவந்தனான்" என்று உண்மையைச் சொல்லி அவன் தன் நிலைமையை இன்னும் மோசமாக்கிக்கொண்டான். அடுத்தமுறை தொடக்கம் கொக்குவிலுக்கே சைக்கிளில் கொண்டுவந்து கொடுக்கும்படி முருகேசு என்ற சீவல்தொழிலாளியோடு பேசி முடித்துவிட்டான்.

சுபாஜினிக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. பிறந்தது சாவகச்சேரி. தகப்பன் பரமலிங்கம் சந்தையில் வெற்றிலை வியாபாரம் செய்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு சண்டையில் இடம்பெயர்ந்தபோது அவள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு உறவினர் வீடுகளில், மற்றவர்களுடைய புத்தகங்களில் உயர்தரம் படித்து, கம்பஸ் என்று சொல்லப்படும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய், விஞ்ஞான ஆசிரியையாக வந்தவள். ஜெயரூபனைக் கட்டிப் பதினொரு வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி விசாரிப்பதை ஊர் அப்போதுதான் ஒருவாறு நிறுத்தியிருந்தது.

வருடாவருடம் அவள் கரும்பலகையில் ஒரு கலத்தை வரைவாள். ஒரு வட்டம், நடுவில் கரு, அங்கொன்றும் இங்கொன்றுமாக இழைமணிகள், மிச்சமெல்லாம் வெறும் இடம். பிறகு ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கொண்டிஸ் பளிங்கு ஒன்றைப் போட்டு, அந்த ஊதா நிறம் தானாகப் பரவுவதைக் காட்டி, "கலத்துக்குள்ளையும் பொருட்கள் இப்பிடித்தான் பரவும்" என்று சொல்லுவாள். ஒருமுறை பாடத்துக்கு ஆயத்தம் செய்யும்போது வாசித்த ஒன்று அவளைக் குழப்பிவிட்டது. கலத்துக்குள் வெறும் இடமே கிடையாதாம். புரதமும் மற்றதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அடைசலாகக் கிடக்கிறதாம். அப்படியென்றால் அந்த நெரிசலுக்குள், தானாக நடக்கக் காலில்லாத ஒரு துணிக்கை எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது? யாரும் தூக்கிக்கொண்டு போகாமல், எதுவும் இழுக்காமல்?

இதை அவள் முதலில் கேட்டது புருஷனிடம். அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான்.

"பள்ளிக்கூட நேரத்துச் சாவகச்சேரி பஸ்ஸிலை பின்னுக்கு நிக்கிறவன் எப்பிடி முன் கதவுக்கு வாறான்? அவன் நடக்கிறேல்லை. பஸ் குலுங்கக் குலுங்கச் சனம் அங்கையிங்கை அரக்குது, அவனும் அரக்குப்படுறான்."

"அப்ப பஸ் நிண்டால்?"

"நிண்டால் அவனும் நிப்பான்."

சுபாஜினி சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தக் கிழமையே கம்பசுக்குப் போய்ப் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்தாள்.

அவளை ஏற்றுக்கொண்டவர் கலாநிதி தில்லைநாதன். பௌதிகவியல் விரிவுரையாளர், மெதுவாகக் கதைப்பவர். தங்களிடம் என்னென்ன இல்லை என்று முதல்நாளே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் மின்னுகிற நுண்மணிகளைக் கலத்துக்குள் செலுத்தி, அவை அசைவதைப் படம் எடுப்பார்கள். எங்களிடம் அந்த மணியும் இல்லை, அந்தக் கமராவும் இல்லை. ஆனால் மதுவத்துக்குள் இயல்பாகவே சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் உண்டு, அவற்றைப் பார்க்கலாம். மதுவத்துக்கு எங்கே போவது என்று அவள் கேட்டபோது அவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்திலை மதுவத்துக்குப் பஞ்சமோ?"

கிழமை நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடம். ஆகையால் துறையில் கிடந்த பழைய நுணுக்குக்காட்டி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். குசினிச் சுவரோடு ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசையைப் போட்டு அதை வைத்தாள். கண்வில்லைக்கு மேலே கைபேசியைக் கட்டிப் படம் எடுத்து, பிறகு மடிகணினியில் ஒவ்வொரு துளியும் எவ்வளவு தூரம் போகிறது என்று அளப்பாள். ஒரு பங்கு மதுவத்துக்குச் சீனி கொடுப்பாள். இன்னொரு பங்கை வெறுந்தண்ணீரில் பட்டினி போடுவாள். பட்டினியில் கலத்தின் உள்ளிடம் இறுகிப்போய்ப் பெரிய துணிக்கைகள் அப்படியே அசையாமல் நின்றுவிடும் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். கள்ளு மதுவமும் அப்படித்தானா என்பதே அவளுடைய கேள்வி.

விடை எதிர்பாராதது. சீனி கிடைத்த கலத்திலும் பட்டினி கிடந்த கலத்திலும் துளிகள் ஒரே அளவு ஆடின. எத்தனை தரம் பார்த்தாலும் அதே கதை. தில்லைநாதன் கணக்குகளைப் பார்த்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்தார்.

"சுபாஜினி, இது புதுசு. பனை உச்சியிலை வெய்யிலுக்கை வாழுற மதுவம், பட்டினிக்கும் இறுகுதில்லைப் போல கிடக்கு."

துறைக் கூட்டத்தில் அவள் அதைப் பேசினாள். கைதட்டினார்கள். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார்கள். அதை ஏற்றுக்கொண்டதாக மறுமொழியும் வந்தது. செல்வநாயகி அயலில் எல்லாம் சொன்னார். கள்ளென்று சொல்லவில்லை, "பனைச் சம்பந்தமான ஆராய்ச்சி" என்றார்.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரே சைக்கிளுக்குத் திரும்பியதால் ஜெயரூபனுடைய கடையில் மட்டும் எந்நேரமும் சனம். கொழும்புப் பேச்சுக்கு இன்னும் கொஞ்சப் படங்கள் சேர்த்தால் நல்லதென்று சுபாஜினிக்குப் பட்டது. வழமையாக அவள் கரண்ட் இருக்கும் நேரத்தில், நுணுக்குக்காட்டிக்கு மின்குமிழ் வைத்து, தலைக்குமேல் மின்விசிறியைச் சுழலவிட்டுத்தான் வேலைசெய்வாள். அன்றைக்கு விடுமுறை, பகல் முழுக்கக் கரண்ட் வராதென்று சொல்லியிருந்தார்கள். மின்குமிழைக் கழற்றிவிட்டு, நுணுக்குக்காட்டியோடு வந்த பழைய கண்ணாடியைப் பூட்டி, யன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கிக் கண்ணை வைத்தாள்.

பட்டினி கிடந்த கலத்தில் துளிகள் அசையவில்லை.

கலம் செத்துவிட்டதோ என்று வேறொரு கண்ணாடித் தட்டைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் துளிகள் புள்ளி வைத்ததுபோல் நின்றன. வேர்வை மூக்கு நுனியால் ஒழுக அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொன்ன நேரத்துக்கு முந்தியே கரண்ட் வந்தது. தலைக்குமேல் விசிறி சுழலத் தொடங்கியது. சுவருக்கு அந்தப்பக்கம் குசினியில் பிரிட்ஜ் ஒரு உறுமலோடு எழும்பியது. கண்வில்லைக்குள் துளிகள் ஆடத் தொடங்கின.

அவள் கலங்களை விட்டு, கண்ணாடித் தட்டில் ஒட்டிக் காய்ந்து கிடந்த ஒரு தூசியைத் தேடிப்பிடித்துப் பார்த்தாள். தூசியும் ஆடியது. எழும்பிப்போய்ப் பிரிட்ஜைக் கழற்றினாள், விசிறியை நிப்பாட்டினாள், திரும்பிவந்து பார்த்தாள். தூசி நின்றுவிட்டது.

இத்தனை மாதமும் அவள் அளந்தது கலத்துக்குள் நடந்ததையல்ல, மேசையின் நடுக்கத்தை.

அன்றைக்கு முழுக்க அவள் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். செல்வநாயகி இரண்டுமுறை அறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, மூன்றாம்முறை தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். நினைத்தால் சும்மா இருந்திருக்கலாம். கொழும்பில் யார் வந்து கொக்குவில் மேசையைத் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்தது. வந்ததற்காக அவளுக்குத் தன்மேல் ஆத்திரமும் வந்தது. அடுத்தநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பசுக்குப் போனாள்.

"சேர், எங்கடை முடிவு பிழை."

தில்லைநாதன் முழுவதையும் கேட்டார். முகம் சுருங்கிப் போனது. மாநாட்டு நிகழ்ச்சிநிரலில் இரண்டு பேரின் பெயரும் அச்சாகிவிட்டிருந்தது.

"எல்லாப் படமும் பிழையாத்தான் இருக்குமெண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

"எனக்குத் தெரியேல்லை சேர். அதுதான் சிக்கல். எது கலம், எது மேசை எண்டு பிரிக்கேலாது."

அன்று பின்னேரமே தில்லைநாதன் கொக்குவிலுக்குச் சைக்கிளில் வந்துவிட்டார். சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. செல்வநாயகி கொடுத்த எலுமிச்சந்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தினார். "போடுங்கோ" என்றார், பிரிட்ஜைப் போட்டாள். "நிப்பாட்டுங்கோ" என்றார், நிப்பாட்டினாள். நாலைந்து தரம் அப்படி நடந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தூசியைப் பார் எண்டு நான் முதல்நாளே சொல்லியிருக்கவேணும். பௌதிகம் படிச்சவன் நான். நல்ல முடிவு வந்தவுடனை நானும் பறந்திட்டன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "கொழும்புக்கு நானே எழுதுறன்" என்றார்.

சுருக்கத்தை மீளப்பெற்றார்கள். துறையில் சிலர் தோளில் தட்டினார்கள். சிலர் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே சுட்டது. நுணுக்குக்காட்டியைத் துணியால் மூடிவைத்தாள். முருகேசு கள்ளோடு வந்தபோது, "இனி வேண்டாம் அண்ணை" என்று வாசற்படலையடியிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அன்று பின்னேரம் ஜெயரூபன் கடையால் வந்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"நீர் விடப்போறீரோ?"

"வேறை என்ன செய்ய? கம்பஸ் நுணுக்குக்காட்டி கிழமை நாளிலைதான் கிடைக்கும். வீட்டிலை வைச்சால் ஆடுது. பிரிட்ஜை நிப்பாட்டினாலும் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார் இருக்கு. றோட்டிலை வாகனம் போகுது. அயல் பெட்டையள் கல்லெறிஞ்சு கொக்கான் வெட்டி விளையாடினாலும் ஆடுமாக்கும்."

"அப்ப உம்முடைய பிரச்சினை படிப்பில்லை. குலுக்கம்."

"ஓம். குலுக்கம்தான்."

"உந்தக் குலுக்கத்துக்குத்தானே, சுபா, ரயருக்குள்ளை காத்தடிக்கிறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காற்றடித்த ரியூபின் மேல் பாரமான கல்லை ஏற்றி அதன்மேல் கருவியை வைப்பது பழைய ஆய்வுகூடங்களில் செய்த வேலைதான். அவள் எங்கோ வாசித்தும் இருக்கிறாள். தன் வீட்டுக்குள்ளேயே ரயர்க்காரன் ஒருவன் இருப்பதை நினைக்காமல் போய்விட்டாள்.

ஆனால் அந்த மாதங்களில் ரியூப் கிடைப்பதுதான் அருமை. கடையிலிருந்ததெல்லாம் ஆட்கள் சொல்லிவைத்த சைக்கிள் ரியூப்கள். ஜெயரூபன் கொட்டிலுக்குள் போனான். பெற்றோலில்லாமல் அவனுடைய மோட்டார் சைக்கிள் அங்கே தூசி பிடித்து நின்றது. இரண்டு சில்லையும் கழற்றி, ரியூப்களை உருவி எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஐயோ, உங்கடை மோட்டார் சைக்கிள்?"

"அது ஓடேக்கை பாப்பம்."

கல்லுக்கு அலையவில்லை. கிணற்றடியில் பழைய படிக்கல் ஒன்று கிடந்தது; செல்வநாயகி அதில் கால் தேய்ப்பவர். அவரைக் கேட்டபோது, "கள்ளுப் போத்தலை அதிலை வைக்கமாட்டீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். கடைக்கு அடுத்திருந்த பலகைக்கடைக்காரரும் ஜெயரூபனுமாகக் கல்லைத் தூக்கி, அறைக்குள் நிலத்தில் கிடத்திய ரியூப்களின்மேல் ஏற்றினார்கள். ரியூப்களுக்கு எவ்வளவு காற்று என்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. இறுக்கி அடித்தால் ஆட்டம் அப்படியே மேலே ஏறும். குறைய அடித்தால் கல் நிலத்தில் இடித்துக்கொண்டு இருக்கும். அவன் அடிப்பான், அவள் தூசியைப் பார்ப்பாள். "கூடிப்போச்சு" என்பாள், அவன் கொஞ்சம் இறக்குவான். புருஷனும் பெண்சாதியும் அவ்வளவு நேரம் ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்தது அதுதான் முதல்தடவை. கடைசியில் பிரிட்ஜும் விசிறியும் ஓட, பக்கத்து வீட்டு மோட்டாரும் இறைக்க, தூசி நின்றது.

"ஆடேல்லை," என்றாள் சுபாஜினி. "உள்ளுக்கு வந்து பாருங்கோ. ஆடேல்லை."

விசிறிக் காற்றுப் படாமலிருக்க ஒரு மட்டைப் பெட்டியை வெட்டி மறைப்புக் கட்டினார்கள். முருகேசுவுக்குத் திரும்பச் சொல்லியனுப்பினாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை ஒவ்வொரு படத்திலும் ஒரு தூசியும் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

கள்ளு மதுவம் ஒன்றும் அதிசயப் பிறவியல்ல. பட்டினியில் அதன் உள்ளிடமும் இறுகியது, துளிகள் நின்றன. வெளிநாட்டவர் எழுதியதுதான். ஆனால் சுபாஜினி அங்கே நிற்கவில்லை. இறுகினது எப்படி இளகுகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. ஒரு ஞாயிறு காலை, பட்டினி கிடந்த கலங்களுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுச் சீனித்தண்ணி விட்டுவிட்டுக் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஆகச் சின்னத் துளியொன்று நின்ற இடத்திலேயே மெல்ல நடுங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றும் அவற்றை இழுக்கவில்லை, தள்ளிக்கொண்டும் போகவில்லை. கலம் சாப்பிடத் தொடங்கச் சுற்றியிருந்த நெரிசல் இளகி அரக்குப்பட, கிடைத்த இடைவெளிக்குள் துளி வழுகி விழுந்தது. கொஞ்சநேரம் அங்கே அடைபட்டுக் கிடந்தது. பிறகு திரும்ப வழுகியது. பெரிய துளி ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. சின்னதெல்லாம் அலையத் தொடங்கி நெடுநேரத்துக்குப் பிறகுதான் அது நகர்ந்தது.

"மாமி! இஞ்சை ஓடிவாங்கோ!"

செல்வநாயகி கரண்டியோடு வந்தார். கண்ணை எப்படி வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார்.

"உது தானாயோ போகுது?"

"தானாய்த்தான் மாமி."

"உதுகளுக்கு எங்கை போறதெண்டு தெரியுமோ?"

"தெரியாது. ஆனால் போகும்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. "பிடிக்கட்டும்" என்றார்.

சின்னது முந்தியும் பெரியது பிந்தியும் எழும்புகிற அந்த ஒழுங்கைத்தான் சுபாஜினி அடுத்த ஒரு வருடமாக அளந்தாள். துளி பருக்கப் பருக்க அது விடுபட எடுக்கும் நேரமும் கூடியது. உலகத்தைப் புரட்டிப்போடுகிற கண்டுபிடிப்பொன்றுமில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் கல்லை நகர்த்திப் பார்த்தும், வேறு பனையின் கள்ளில் பார்த்தும், தில்லைநாதன் தன் கையாலேயே செய்து பார்த்தும் அது மாறவில்லை. சுருக்கத்தை மீளப்பெற்ற அதே மாநாட்டுக்கு மறு வருடம் எழுதினார்கள். பேசி முடிந்ததும் கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியை எழும்பி, போன வருடம் ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டார். சுபாஜினி பிரிட்ஜ் கதையைச் சொன்னாள். மண்டபம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்தப் பேராசிரியை தேநீர் இடைவேளையில் வந்து, தன் மாணவர்களுக்கு அந்த ரியூப் மேசையின் படம் அனுப்பமுடியுமா என்று கேட்டார்.

பட்டம் கிடைத்தபோது செல்வநாயகி நீலச் சேலை உடுத்துக்கொண்டு விழாவுக்குப் போனார். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தார். "கள்ளு" என்றார் செல்வநாயகி, குரலைத் தாழ்த்தவில்லை.

இப்போது வலயக் கல்வி அலுவலகம் தென்மராட்சி விஞ்ஞான ஆசிரியர்களுக்கு நடத்துகிற பயிற்சிக்கு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அது நடந்தது. அன்றைக்கு வந்திருந்தவர்களில் பத்மாசினி என்றொரு இளம் ஆசிரியை கடைசி வரிசையிலிருந்து கைதூக்கினாள்.

"மிஸ், காய்ஞ்ச பயற்றம்விதைக்குள்ளையும் இப்பிடித்தான் எல்லாம் இறுகி நிக்குமோ? தண்ணி பட்டால் எது முதல் எழும்பும்?"

சுபாஜினி அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினாள்.

"எனக்குத் தெரியாது. நீங்கள் சனிக்கிழமையிலை ஓய்வோ?"

"ஓம், மிஸ்."

"அப்ப கொஞ்சப் பயறு கொண்டு கொக்குவிலுக்கு வாங்கோ. பாப்பம்."